ஆளுக்கொரு பந்து

யாங்கோனில் எங்கள் வீட்டுக்குப் பக்கத்துக் கோயில் மண்டபத்தில் ஞாயிற்றுக்கிழமைதோறும் தமிழ் வகுப்பு நடக்கிறது. அதில் ஆகச் சின்னப் பிள்ளைகள் என் பொறுப்பு. நாலு வயது, ஐந்து வயது, மிஞ்சினால் ஆறு. சிலேட்டும் பல்பமும் கொடுத்து உட்கார வைத்தால் கால் மணி நேரம் தாங்கும். அதற்குள் ஒருவன் ஜன்னல் கம்பியில் ஏறியிருப்பான், ஒருத்தி பல்பத்தைப் பாதி தின்றிருப்பாள். பெரிய வகுப்புக்குப் பாடம் எடுக்கும் ஐயா ஒருநாள் எழுந்து வந்தார். "டீச்சரம்மா, இதுகளக் கொஞ்ச நேரம் வெளிய ஓட விட்டுக் கூட்டிட்டு வாங்க. ஓடுன காலுதான் உக்காரும்" என்றார். எங்கள் கால்பந்தாட்டம் அப்படித்தான் தொடங்கியது. இது நாலாவது வருஷம்.

நான் மைதானத்தில் ஆடி வளர்ந்தவள் இல்லை. அண்ணன்மார் மூன்று பேரும் தெருவில் ஆட, வாசற்படியில் உட்கார்ந்து அவர்கள் செருப்புக்குக் காவல் இருந்தவள். ஆனால் பந்துப் பேச்சு எங்கள் வீட்டில் சோறு மாதிரி. 1966-இல் பாங்காக் ஆசிய விளையாட்டுப் போட்டியில் பர்மா தங்கம் வென்றதையும், 1970-இல் தென்கொரியாவோடு அதைப் பகிர்ந்துகொண்டதையும் தாத்தா நேற்று நடந்ததுபோலச் சொல்வார். பர்மாவின் பந்தாட்ட வீரர் சுக் பகதூர் பெயரை எடுத்தாலே நிமிர்ந்து உட்காருவார். இன்றைக்கும் இந்த ஊரில் சாயங்காலம் நாலு மணிக்கு எந்தச் சந்துக்குள் நுழைந்தாலும் நாலு செருப்பு இரண்டு கோலாகக் கிடக்கும். அதனால் பிள்ளைகளை வெளியே கூட்டிப் போ என்று ஐயா சொன்னதும் எனக்குப் பந்தைத் தவிர வேறு எதுவும் தோன்றவில்லை.

முதல் ஞாயிறு நான் செய்ததெல்லாம் தப்பு. பெரிய பையன்களுக்குப் பயிற்சி கொடுப்பதை எங்கோ பார்த்த ஞாபகத்தில், பதினாலு பிள்ளைகளையும் வரிசையில் நிற்க வைத்தேன். ஒரே ஒரு பந்து. ஒவ்வொருவராக வந்து உதைத்துவிட்டு வரிசையின் கடைசிக்குப் போக வேண்டும். மூன்றாவது ஆள் உதைப்பதற்குள் வரிசை கலைந்துவிட்டது. ஒருவன் புல் பிடுங்கினான், ஒருவன் எறும்புப் புற்றில் குச்சி விட்டான், ஒருத்தி அம்மாவைக் கேட்டு அழுதாள். சரி, ஆட்டமே ஆடட்டும் என்று இரண்டு அணியாகப் பிரித்தேன். பதினாலு பேரும் பலாச்சுளையில் ஈ மொய்த்ததுபோல ஒரே பந்தை மொய்த்தார்கள். வயதில் மூத்தவன் ஒருவன் ஓங்கி உதைத்த பந்து, எதிரே நின்ற நாலு வயதுப் பையனின் வயிற்றில் போய் விழுந்தது. அது என் அண்ணனுடைய பழைய ஐந்தாம் எண் பந்து, முந்தின நாள் மழையில் ஊறிக் கனத்திருந்தது. பிள்ளைக்கு மூச்சு ஒருகணம் நின்று, பிறகுதான் அழுகை வந்தது. தூக்கி மடியில் வைத்துக்கொண்டு மண்டபப் படியில் உட்கார்ந்தேன். அவன் அம்மா என்னைத் திட்டவில்லை. "அடுத்த வாரம் இவன உள்ளயே வச்சுக்கங்க டீச்சர்" என்று மட்டும் சொன்னார். திட்டியிருந்தால்கூட அவ்வளவு வலித்திருக்காது.

அன்று இரவு யோசித்துப் பார்த்தேன். அந்த அரை மணி நேரத்தில் ஓரத்தில் நின்ற ஒரு பெண்பிள்ளை பந்தைத் தொட்டது இரண்டே தடவை. இரண்டு தடவை தொடுவதற்காக அவள் அரை மணி நேரம் வெயிலில் நின்றிருக்கிறாள். அதற்குப் பிறகு ஒவ்வொரு வாரமும் நான் என்னைக் கேட்டுக்கொள்ளும் கேள்வி ஒன்றுதான்: இன்றைக்கு ஒவ்வொரு பிள்ளையும் எத்தனை தடவை பந்தைத் தொட்டது? கோல் எத்தனை, யார் நன்றாக ஆடினார்கள் என்பதெல்லாம் இந்த வயதுக்கு வேண்டாத கணக்கு.

ஆகவே ஆளுக்கொரு பந்து. காசு எங்கே என்று கேட்பீர்கள். மூன்றாம் எண் பந்து சுற்றளவில் 58 முதல் 61 சென்டிமீட்டர், எடை 300 கிராம் சுமாருக்கு இருக்கும். பெரியவர்கள் ஆடும் ஐந்தாம் எண் 68 முதல் 70 சென்டிமீட்டர், எடை 410 முதல் 450 கிராம். சின்னக் காலுக்கு அந்தக் கனம் ஆகாது. பெற்றோர் சேர்ந்து மூன்று மூன்றாம் எண் பந்து வாங்கிக் கொடுத்தார்கள். மிச்சத்துக்குப் புத்தர் கோயில் திருவிழாக் கடைகளில் விற்கும் பிளாஸ்டிக் பந்துதான். அது துள்ளித் துள்ளி ஓடிவிடும். ஊசி விட்டுக் காற்றைக் கொஞ்சம் இறக்கிவிட்டால் சொன்ன பேச்சைக் கேட்கும். பிறகு சின்லோன் என்ற பர்மிய ஆட்டம் ஆடுகிற அண்ணன்மாரிடம் கேட்டுப் பழைய பிரம்புப் பந்து சில வாங்கினேன். பிரம்பு தளர்ந்துபோன பந்து காலைக் கடிக்காது, உருளும்போது சரசரவென்று சத்தம் கொடுக்கும். சின்லோனை இந்த வயதில் ஆட முடியாது, பந்தைத் தரையில் விழாமல் காலாலேயே தட்டிக்கொண்டிருக்க வேண்டிய ஆட்டம் அது. ஆனால் ஆறு பேர் வட்டமாக நின்று, எதிரணி இல்லாமல், வெற்றி தோல்வி இல்லாமல் ஆடுகிறார்களே, அந்த மனசைத்தான் என் பிள்ளைகளுக்கு எடுத்துக்கொண்டேன்.

முதலில் பந்துக்குப் பெயர் வைப்போம். முறுக்கு, லட்டு, பூனை, யானை, என்ன பெயரும் சரி. பெயர் வைத்தால் பந்து சொந்தமாகிவிடும், அடுத்தவர் பந்தைப் பிடுங்கும் சண்டை பாதி குறையும். பிறகு பந்தைத் தூங்க வைப்போம். உள்ளங்காலைப் பந்தின் மேல் மெல்ல வைத்து, "தூங்கு" என்று சொல்ல வேண்டும். நான் "எழுப்பு!" என்றதும் இரண்டு காலாலும் மாற்றி மாற்றித் தட்டி எழுப்பி நடத்திக்கொண்டு போக வேண்டும். மறுபடி "தூங்கட்டும்" என்றால் நிறுத்த வேண்டும். பந்தை நிறுத்து என்று பத்துத் தடவை கத்தினாலும் நிறுத்தாத பிள்ளை, தூங்க வை என்றால் சத்தமே இல்லாமல் நிறுத்துகிறது.

அதில் ஒருத்தியைச் சொல்ல வேண்டும். மூன்று வாரம் அம்மாவின் கைலி நுனியை விடாமல் நின்றவள். நான் கூப்பிடவில்லை. கூப்பிட்டால் இன்னும் ஒட்டிக்கொள்வாள் என்று தெரியும். நாலாவது வாரம் ஒரு பிரம்புப் பந்தை அவள் அம்மாவின் காலடியில் உருட்டிவிட்டு, "இதுக்கு யாரும் இல்ல. தூங்காம அழுவுது" என்று சொல்லிவிட்டு என் பாட்டுக்கு நடந்துவிட்டேன். திரும்பிப் பார்க்கும்போது ஒரு கை அம்மாவின் கைலியில் இருந்தது, ஒரு கால் பந்தின் மேல் இருந்தது. குனிந்து பந்திடம் ஏதோ சொல்லிக்கொண்டிருந்தாள். கன்னத்தில் பூசிய தனக்கா, இந்த ஊர் மரப்பட்டைச் சாந்து, வியர்வையில் பாதி வழிந்திருந்தது. அன்று முழுவதும் அவள் ஓரடி நகரவில்லை. அதற்கடுத்த வாரம் கைலியை விட்டாள்.

எங்களிடம் ஆகப் பிடித்த ஆட்டம் கல்லா மண்ணா. நம் ஊர்ப் பிள்ளைகள் தலைமுறை தலைமுறையாக ஆடியதுதான், அதில் பந்தைச் சேர்த்துக்கொண்டோம். கோயிலுக்குப் பின்னால் அகலமான சிமெண்ட் தரை ஒன்று, அதை ஒட்டி மண்தரை. எல்லோரும் கூடி "கல்லா? மண்ணா?" என்று கேட்பார்கள். நான் "கல்!" என்றால் சிமெண்ட் என் ராஜ்ஜியம். பந்தோடு மண்ணுக்குப் போய்விட வேண்டும். அங்கே நின்று சும்மா இருக்க முடியுமா? என்னைச் சீண்டுவதற்காகப் பந்தோடு சிமெண்டுக்குள் நுழைந்து ஓடுவார்கள், நான் துரத்துவேன். பிடிபட்டால் வெளியே போக வேண்டியதில்லை, பந்தைத் தலைக்கு மேல் தூக்கிக்கொண்டு ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு மறுபடி சேரலாம். வெளியேற்றுகிற ஆட்டம் எதையும் நான் வைப்பதில்லை. யாருக்குப் பயிற்சி அதிகம் வேண்டுமோ அந்தப் பிள்ளைதானே முதலில் வெளியேறும்?

இந்த ஆட்டத்தில் ஒன்றை நான் கற்பிக்காமலே பிள்ளைகள் கற்றுக்கொண்டார்கள். சிமெண்டில் பந்து வழுக்கிக்கொண்டு ஓடும், மண்ணில் மந்தமாக உருளும். ஐந்து வயதுப் பையன் ஒருவன் மண்ணில் தட்டிய அதே வேகத்தில் சிமெண்டிலும் தட்டுவான், பந்து சுவர்வரை போய்விடும், எடுத்து வருவதற்குள் நான் பிடித்துவிடுவேன். இரண்டு மூன்று வாரம் இப்படியே. ஒருநாள் சிமெண்ட் விளிம்பு வந்ததும் கால் தானாக அடங்கியதைப் பார்த்தேன். பெருவிரல் நுனியால் ஒரு தட்டு, இரண்டு சின்ன எட்டு, மறுபடி ஒரு தட்டு. மண்ணுக்கு வந்ததும் ஓங்கி ஒன்று. அவனிடம் கேட்டால் சொல்லத் தெரியாது. காலுக்குத் தெரிந்துவிட்டது. நான் கரும்பலகையில் படம் வரைந்து விளக்கியிருந்தால் இது வந்திருக்காது. மழைக்காலத்தில் சிமெண்டில் பாசி பிடித்துவிடும். அப்போது மட்டும் புல்லையும் மண்ணையும் பிரித்துக் கயிறு போட்டு ஆடுவோம்.

பஸ் ஆட்டமும் உண்டு. எல்லோரும் பஸ், பந்துதான் பயணி. நான் சின்ன வயதில் பார்த்த கண்டக்டர் மாதிரி "சூலே! சூலே! தாம்வே!" என்று ஊர்ப் பகுதிகளின் பெயரைக் கூவுவேன். பச்சை என்றால் ஓட்டு, சிவப்பு என்றால் காலைப் பந்தின் மேல் வை, மழை என்றால் பந்தைச் சுற்றிச் சுற்றி நட. தலையைத் தூக்கிப் பார்த்து ஓட்டினால்தான் இன்னொரு பஸ்ஸில் இடிக்காமல் போகலாம். பந்தையே பார்த்துக்கொண்டு ஓடுகிற பழக்கம் இதில்தான் குறைந்தது.

வால் பிடிக்கிற ஆட்டத்துக்குப் பந்தே வேண்டாம். பழைய கைலியைக் கிழித்து ஆளுக்கொரு வால், இடுப்பில் செருகிக்கொண்டு ஓட வேண்டும், அடுத்தவர் வாலைப் பிடுங்க வேண்டும். சட்டென்று திரும்பவும் நிற்கவும் உடம்பு பழகுகிறது. வாலைக் கட்டிவிடாதீர்கள், செருகினால் போதும். கட்டிய வாலை இழுத்தால் பிள்ளை விழும்.

பாட்டில் ஆட்டம் வெயில் காலத்துக்கு. காலித் தண்ணீர் பாட்டிலில் மஞ்சள் கரைத்த தண்ணீர் நிரப்பி, மூடி போடாமல் ஆளுக்கொன்று. நம் பாட்டில் விழாமல் பார்த்துக்கொண்டே அடுத்தவர் பாட்டிலைப் பந்தால் சாய்க்க வேண்டும். சாய்ந்தால் ஓடிவந்து நிமிர்த்தலாம், அதற்குள் சிந்தியது சிந்தியதுதான். குறி பார்த்து உதைக்கிற பழக்கம் இவர்களுக்கு இதில்தான் வந்தது.

கடைசிப் பத்து நிமிஷம் நிஜ ஆட்டம். மூன்றுக்கு மூன்று, நாலு சின்னக் கோல், கோல்கீப்பர் கிடையாது. இரண்டு மூன்று ஆட்டம் பக்கத்தில் பக்கத்தில் நடக்கும். கோலில் ஒரு பிள்ளையை நிறுத்தினால் அது நின்றுகொண்டேதான் இருக்கும், பந்து வரும்போது பயப்படும். இது என் சொந்த யோசனை என்றுதான் ஆரம்பத்தில் நினைத்தேன். ஜெர்மனியில் 2024-25 பருவத்திலிருந்து இந்த வயதுக்கு இரண்டுக்கு இரண்டு, மூன்றுக்கு மூன்று என்று சின்னக் கோல் வைத்து ஆடுவதையே நாடு முழுக்க முறையாக வைத்திருக்கிறார்கள் என்று அண்ணன் பிறகு சொன்னான். பந்தைத் தலையால் முட்டவும் நான் விடுவதில்லை. அமெரிக்காவில் பத்து வயதுவரை அது கூடாது என்று 2015-இல் அறிவித்தார்கள். இங்கிலாந்தில் தொடக்கப்பள்ளிப் பிள்ளைகளுக்குப் பயிற்சியில் தலையால் முட்டுவது வேண்டாம் என்று 2020-இல் சொல்லிவிட்டார்கள். நம் பிள்ளைகள் தலையும் அதே தலைதான்.

பெற்றோரைப் பற்றிச் சொல்லாமல் விட முடியாது. சுற்றி நின்று "அடி! அடி! அங்க பாரு! ஓடு!" என்று ஆளாளுக்குக் கத்துவார்கள். பிள்ளை பந்தை விட்டுவிட்டு அப்பா முகத்தைப் பார்க்கும். வாயை மூடுங்கள் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை, அவர்களும் ஆசையில்தான் கத்துகிறார்கள். அதனால் அவர்களையே ஆட்டத்துக்குள் இழுத்துவிட்டேன். அப்பாக்கள் எல்லோரும் வாசல். அங்கங்கே காலை அகட்டி நிற்க வேண்டும், பிள்ளைகள் அந்த வாசல் வழியாகப் பந்தை உருட்டி மறுபக்கம் போய் எடுக்க வேண்டும். கைலியோடு எப்படி அகட்டி நிற்பது? சின்லோன் ஆடுகிறவர்கள் மாதிரி வரிந்து தார்ப்பாய்ச்சிக் கட்டிக்கொண்டு நின்றார்கள். ஒரு நிமிஷத்தில் எத்தனை வாசல் நுழைந்தாய் என்று பிள்ளையிடம் கேட்பேன், எண்ணுவது தமிழில்தான் இருக்க வேண்டும். எட்டுக்கு மேல் தடுமாறினால் வாசலே சொல்லிக் கொடுக்கும். இரண்டு மூன்று அப்பாக்களுக்கே தமிழ் எண் தடுமாறியது. பிள்ளையோடு சேர்ந்து அவர்களும் கற்றுக்கொண்டார்கள்.

தமிழ் வகுப்புக்கு இதனால் கிடைத்த லாபம் எனக்குச் சின்னதில்லை. எங்கள் பிள்ளைகள் தங்களுக்குள் பேசுவது பர்மியமே. பந்து கேட்கும்போது "பே! பே!" என்றுதான் வரும், கொடு என்று அர்த்தம். நான் தடுக்கவில்லை. என் வாயில் மட்டும் எப்போதும் கொடு, நில், திரும்பு, இடது, வலது, மெதுவா. ஆறேழு மாதம் கழித்து ஒருநாள் ஆட்டத்தின் நடுவில் ஒருத்தி "ஏய், குடுடா!" என்று கத்தினாள். பாடமாகச் சொல்லிக் கொடுத்திருந்தால் "கொடு" என்று ஒப்பித்திருப்பாள். "குடுடா" அவளுக்குச் சொந்தமாக வந்த தமிழ்.

பெண்பிள்ளைகளை அனுப்பத் தயங்கும் வீடுகள் உண்டு. அவர்களிடம் நான் வாதாடுவதில்லை. மியன்மார் பெண்கள் அணி 2023-இல் தென்கிழக்காசிய விளையாட்டுப் போட்டியின் இறுதி ஆட்டம்வரை போனதைச் சொல்வேன், ஒருநாள் வந்து பார்க்கக் கூப்பிடுவேன். வந்து பார்த்தவர்கள் அனுப்பாமல் விட்டதில்லை.

நேரத்தில் கண்டிப்பாக இருக்கிறேன். நாலு வயதுக்கு முப்பத்தைந்து நிமிஷம் போதும். இன்னும் வேணும் என்று கேட்கும்போதே நிறுத்திவிட வேண்டும், அப்போதுதான் அடுத்த வாரம் ஓடி வருவார்கள். மார்ச், ஏப்ரலில் இந்த ஊர் வெயில் காலை எட்டரைக்கே சுடும். அந்த மாதங்களில் முதலில் ஆட்டம், பிறகு எழுத்து. பத்து நிமிஷத்துக்கு ஒரு தடவை தாகம் இருந்தாலும் இல்லாவிட்டாலும் தண்ணீர். ஆட்டம் முடிந்ததும் உப்புப் போட்ட எலுமிச்சைத் தண்ணீரும் ஒரு துண்டு பனைவெல்லமும். ஜூன் முதல் செப்டம்பர்வரை மழை. கொசு அதிகம், அதனால் கை கால் மூடிய உடுப்பு. தூறலில் ஆட விடுவேன், இடி கேட்டால் உடனே மண்டபத்துக்குள். ஆட்டத்துக்கு முன்னால் தரையில் ஆணி, கண்ணாடித் துண்டு இருக்கிறதா என்று நான் ஒரு தடவை நடந்து பார்த்துவிடுவேன். சின்னக் கல், குச்சி பொறுக்குவதைப் பிள்ளைகளுக்குப் போட்டியாக வைத்துவிடுவேன்.

அந்த வயிற்றில் அடிபட்ட பையன் திரும்பி வர ஆறு வாரம் ஆனது. மண்டபப் படியில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருப்பான். பாட்டில்களுக்கு மஞ்சள் தண்ணீர் ஊற்ற ஆள் வேண்டும் என்றேன், வந்தான். ஊற்றிய பாட்டிலைக் காக்க ஆள் வேண்டும் என்றேன், நின்றான். யாரும் அவனைப் பந்து ஆடு என்று சொல்லவில்லை. இப்போது அவனுக்கு எட்டு வயது. பெரிய பிள்ளைகளோடு ஆடுகிறான். ஞாயிறு காலை எனக்கு முன்னால் வந்து, பந்துகளுக்குக் காற்று சரியாக இருக்கிறதா என்று கட்டைவிரலால் அழுத்திப் பார்ப்பது அவன்தான்.

நகரத்துக்குள் அடுக்குமாடியில் ஆறாம் மாடியில், லிஃப்ட் இல்லாத வீட்டில் இருக்கும் ஓர் அம்மா போன வாரம் கேட்டார்: "வாரத்துக்கு ஒரு நாள்தான் கூட்டிட்டு வர முடியுது, மத்த நாள் என்ன செய்ய?" பழைய சாக்ஸ் நாலைந்தைச் சுருட்டி ஒன்றுக்குள் ஒன்று திணித்துப் பந்தாக்குங்கள், துள்ளாது, எதையும் உடைக்காது என்றேன். நாற்காலிக் கால் நாலும் நாலு வாசல். செருப்பில்லாத கால், பத்து நிமிஷம், நீங்களும் கூட ஆட வேண்டும். நேற்று போன் செய்தார். பையன் உதைத்த உதையில் சாக்ஸ் பந்து பால்கனி வழியாகத் தெருவில் விழுந்துவிட்டதாம். கீழே டீக்கடைப் பையன் அதை எடுத்து, வீட்டுக்குச் சாமான் ஏற்றுவதற்குத் தொங்கவிட்டிருக்கும் கயிற்றுக் கிளிப்பில் மாட்டிவிட்டு மணியை இழுத்தானாம். பந்து ஆறு மாடி ஏறி வருவதைப் பார்க்க, பிள்ளை மறுபடி மறுபடி பால்கனிப் பக்கமே உதைக்கிறானாம். பால்கனிக் கம்பியில் வலை கட்டிய பிறகு ஆட விடுங்கள் என்று சொன்னேன். கட்ட நானும் வருகிறேன், புதன்கிழமை.